தொட்ட காய்

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் காய்கறி வாங்கப் போகும்போது அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். விஷயம் தெரியாதவர்கள் அதைக் கிராண்ட்மாஸ்டர் மிடுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மைக் காரணத்தை அவருடைய மனைவி சுமா அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"இவர் ஒரு கத்திரிக்காயைத் தொட்டா அதை வாங்கியே ஆகணும் டீச்சர். சொத்தையா இருந்தாலும் திருப்பி வைக்க மாட்டார். கடைக்காரனுக்குக் கொண்டாட்டம். நாந்தான் சொல்லிட்டேன், கையைக் கட்டிக்கிட்டு சும்னே கூட வாங்கன்னு."

சுமா அக்காவின் தாய்மொழி கன்னடம். தமிழ் பேசும்போது நடுநடுவே அது எட்டிப்பார்க்கும். கணவர் பக்கத்தில் நின்று குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார், கைகளை அவிழ்க்காமல்.

சதுரங்கத்தில் ஒரு விதி உண்டு. உங்கள் முறை வரும்போது எந்தக் காயைத் தொடுகிறீர்களோ அதைத்தான் நகர்த்த வேண்டும். தொட்ட பிறகு மனம் மாறினால் செல்லாது. ஆடப் பழகும் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித்தந்துவிடுவார்கள். எல்லோரும் அந்த விதியைப் பலகையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர் அதையும் கூட எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அவரைப் பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பிறந்து வளர்ந்தது நீலசந்திராவில். விடுமுறை நாட்களில் செஸ் போட்டிகளுக்கு ஆர்பிட்டராகப் போவேன். கிரிக்கெட்டுக்கு அம்பயர் மாதிரி செஸ்ஸுக்கு ஆர்பிட்டர். கடிகாரம் சரியாக ஓடுகிறதா, யாராவது யாரிடமாவது பேசுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் நடக்கும் வேலை. வெளியில் பார்த்தால் அவர் என்னை "டீச்சர்" என்பார். போட்டி நடக்கும் ஹாலுக்குள் நுழைந்துவிட்டால் நான் வெறும் "ஆர்பிட்டர்". எத்தனை வருடப் பழக்கமானாலும் அந்த வாசற்படியில் அது நின்றுவிடும்.

முதன்முதலில் அவர் என்னைக் கூப்பிட்டதே அந்த வார்த்தையால்தான். அப்போது அவர் இன்னும் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை. அந்தப் பட்டம் வேண்டுமென்றால் மூன்று பெரிய போட்டிகளில் குறிப்பிட்ட அளவு நன்றாக ஆடியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையையும் ஒரு நார்ம் என்பார்கள். அவருக்கு இரண்டு நார்ம் வந்துவிட்டது. மூன்றாவதற்கு அன்றைய கடைசி ஆட்டத்தில் டிரா போதும். ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. எதிராளி எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். நான் வேறு மேஜைப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன்.

"ஆர்பிட்டர்."

போனேன். கையை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் பிஷப்பைத் தொட்டுட்டு கையை எடுத்துட்டேன். அவர் பார்க்கல. வந்ததும் அவர்கிட்ட சொல்லிடுங்க. பிஷப்பைத்தான் ஆடப்போறேன்."

நான் புதுசு. "தெரியாம பட்டிருந்தா பரவாயில்ல சார். அது கணக்குல வராது."

"தெரிஞ்சுதான் தொட்டேன். தொட்டப்புறம்தான் தப்புன்னு தெரிஞ்சுது."

பிஷப்பை ஆடினார். இருபது நகர்த்தல்களில் தோற்றார். அந்த நார்ம் திரும்ப வர இரண்டு வருடம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் அவரைப் பார்த்தேன். தன் ஸ்கூட்டரை ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். நான் ஏதோ பாராட்டிச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதைப் பத்திப் பேசாதீங்க டீச்சர். வயிறு எரியுது," என்றார்.

அவரை மகான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இழப்பு அவருக்கும் எல்லோரையும் போலத்தான் வலித்தது. ஆனால் இழக்காமல் இருக்கும் வழி அவருக்குத் தெரியவில்லை.

வாயால் சொன்னதும் அவருக்குத் தொட்ட காய்தான். பட்டம் வந்து சில வருடம் கழித்து, ஆடுவதைக் குறைத்துக்கொண்டு, வீட்டு மாடியில் பயிற்சி வகுப்பு தொடங்கினார். சந்தாபுராவிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் சேர்ந்தாள். பெயர் தமிழரசி. அப்பா கம்பெனி பஸ் டிரைவர். சந்தாபுராவிலிருந்து மெஜஸ்டிக்குக்கு ஒரு பஸ், அங்கிருந்து சம்பிகே ரோட்டுக்கு மெட்ரோ, அப்புறம் நடை. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டால் இரண்டரை மணி நேரம். "செவ்வாய், வெள்ளி சாயங்காலம் வா, நான் இருப்பேன்," என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

அதே மாதம் வெளிநாட்டு கிளப் ஒன்று தன் அணிக்காக மூன்று மாதம் வந்து ஆடச்சொல்லி அவரை அழைத்தது. அவர் வயதுக்கு அப்படி ஓர் அழைப்பு இனி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் போகவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொன்னாப் போறாதா? புரிஞ்சுக்க மாட்டாளா?" என்று சுமா அக்கா என் முன்னாலேயே கேட்டார்.

"சொல்லிட்டேன்," என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவரிடமிருந்து எதையும் வாங்க முடியாது. சுமா அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே சத்தம் போட்டன.

ஒரு வருடம் கழித்து யாரோ சொல்லித் தமிழரசிக்கு இது தெரிந்துபோயிற்று. போட்டி நடந்த கல்லூரி ஒன்றின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "நான் இன்னா கேட்டேனா மிஸ்? எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த மூணு மாசம் வராமலே இருந்திருப்பேனே. இப்போ ஒவ்வொரு ஆட்டம் தோக்கும்போதும் அது வந்து நெஞ்சுல உக்காந்துக்குது." அவருடைய நேர்மை பக்கத்தில் இருப்பவர்கள் மேலும் ஏறி உட்காரும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வகுப்பில் எல்லோரும் உள்ளங்கைகள் மேல் உட்கார வேண்டும். "கை கடைசியா வேலை செய்யட்டும்" என்பது அங்கே தினமும் கேட்கும் வாக்கியம். வங்கி அதிகாரி, எட்டாம் வகுப்புப் பெண், ஐ.டி. கம்பெனி மேனேஜர் என்று வரிசையாகக் கைமேல் உட்கார்ந்து பலகையை முறைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் நின்றபடி சுவர்ப் பலகையில் காய்களை மாட்டிக்கொண்டே போவார். நீளமான, சுத்தமான விரல்கள். ஒரு காயை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைப்பது கண்ணுக்கே தெரியாது. அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் வகுப்பின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு அம்மாவுக்குக் கால் மரத்துப்போகிறது என்று நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது எதிர் வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தனியாக. மடியில் ஒரு ஃபைல். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். உட்கார்ந்திருக்கும்போது யாரும் அப்படிக் கையைப் பாக்கெட்டில் திணித்துக்கொள்ள மாட்டார்கள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் அவரே கையை வெளியே எடுத்து ஃபைல் மேல் வைத்தார். ஃபைலின் பிளாஸ்டிக் அட்டை படபடவென்று சின்னதாகச் சத்தம் போட்டது.

"ஒரு வருஷமா இருக்கு. பார்கின்சன்னு சொல்றாங்க. மாத்திரை போட்டா மூணு நாலு மணி நேரம் அடங்கும். அப்புறம் வந்துடும்."

"சுமா அக்காவுக்கு?"

"அவளுக்குத் தெரியும். இப்போ உங்களுக்கு. மூணாவது ஆளுக்குத் தெரியக் கூடாது டீச்சர். கோச்சுக்குக் கை ஆடுதுன்னு தெரிஞ்சா பேரண்ட்ஸ் என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் சார்."

சட்டென்று சொல்லிவிட்டேன். அப்படிக் கேட்கிறவரிடம் வேறு என்ன சொல்வது? கொடுத்த வார்த்தை என்றால் அவர் என்ன அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார் என்பது தெரிந்தவள், ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அதற்கு அடுத்த வருடம் நகரத்தில் ஒரு பெரிய போட்டி. ஒன்பது சுற்று. அவரும் ஆடினார், தமிழரசியும் ஆடினாள். அவள் அதற்குள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போய்க்கொண்டே பெண்களுக்கான சர்வதேசப் பட்டத்துக்கு இரண்டு நார்ம் எடுத்திருந்தாள். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் மூன்றாவதும் வந்துவிடும். யாரோடு யார் ஆடுவது என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். கடைசிச் சுற்றுப் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவருக்கு எதிரே தமிழரசி.

ஹாலுக்குள் போவதற்கு முன் வராந்தாவில் என்னைப் பார்த்து, "நான் ஜெயிக்கத்தான் ஆடுவேன் டீச்சர். அவளுக்கும் அது தெரியும்," என்றார்.

அப்படித்தான் ஆடினார். மூன்று மணி நேரம் கழித்து அவர் கை ஓங்கியிருந்தது. குதிரையை முன்னால் பாயவிட்டால் அவள் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். அவர் குதிரையை எடுக்கக் கையை நீட்டினார். மாத்திரையின் நேரம் முடிந்திருந்தது. நடுவழியில் கை துள்ளியது. விரல் பக்கத்தில் இருந்த ராணியில் மோதி, ராணி சாய்ந்து, உருண்டு, ராஜாவின் காலடியில் போய் நின்றது.

நான் பக்கத்தில் போனேன். "சார், தெரியாம பட்டது. கணக்குல வராது. நிமிர்த்தி வெச்சுட்டு குதிரையை ஆடுங்க."

"ஆமா சார், தட்டிடுச்சு. நீங்க ஆடுங்க," என்றாள் தமிழரசியும்.

அவர் ராணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராணியைத் தொட்டேன்."

"தொடல சார். பட்டுச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: "படறது எது, தொடறது எதுன்னு இனிமே எனக்கே தெரியாது, ஆர்பிட்டர். இன்னைக்குப் பட்டுதுன்னு சொன்னா, நாளைக்கு நான் நிஜமாவே தொட்டாலும் பட்டுதுன்னு சொல்லிடுவேன்."

தன் முறையில் எந்தக் காயை வேண்டுமானாலும் ஆட அவருக்கு உரிமை உண்டு. தடுக்க என்னிடம் விதி இல்லை. ராணியை எங்கே நகர்த்தினாலும் ஆட்டம் போய்விடும் நிலை. இருப்பதில் கொஞ்சம் குறைவான தீமையைத் தேடி அதில் வைத்தார். தமிழரசி பதினைந்து நிமிடம் எதுவும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். பிறகு ஆடினாள். பத்து நகர்த்தல் கழித்து அவர் கை கொடுத்து ஆட்டத்தை ஒப்புக்கொண்டார். நார்ம் வாங்கிய பெண் மாதிரி அவள் எழுந்து போகவில்லை.

மறுநாள் புகார் வந்தது. பரிசு கைநழுவிப்போன இன்னொரு பெண்ணின் அப்பா எழுதியிருந்தார். ஜெயிக்கிற ஆட்டத்தில் ராணியைத் தானே தள்ளிவிட்டு, தன் மாணவிக்கு நார்மைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆர்பிட்டரும் கூட நின்று ஏதோ பேசினார். முதல் மேஜைகளைப் படம்பிடித்த கேமராவிலிருந்து ஒரு சின்னத் துண்டு பெற்றோர்களின் வாட்ஸாப் குழுக்களில் சுற்றியது. நானும் பார்த்தேன். ராணி விழுகிறது. நான் குனிந்து பேசுகிறேன். அவள் பேசுகிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ராணியை நகர்த்துகிறார். எதுவும் தெரியாதவளாக அதைப் பார்த்திருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். பிஷப்பைத் தொட்டதாகத் தானே கை தூக்கிச் சொன்ன மனிதர் மேல் ஆட்டத்தை விற்ற பழி.

நார்மை நிறுத்தி வைத்து, மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள்.

நான் மல்லேஸ்வரத்துக்கு ஓடினேன். "சொல்லிடலாம் சார். ஒரு டாக்டர் சீட்டு போதும்."

"நான் தப்பு பண்ணல. எதுக்கு டாக்டர் சீட்டு?"

"ஏன் மாடோது டீச்சர், என்ன பண்றது?" என்றார் சுமா அக்கா. "நானும் ரெண்டு நாளா இதையேதான் சொல்றேன். செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு."

"தமிழரசி என்ன சார் பண்ணுவா?" என்று கேட்டேன்.

அவர் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசாரணை அன்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கை தவறிப் பட்டது, வேண்டுமென்று செய்ததில்லை என்று சொன்னேன்.

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க மேடம்?" என்றார் தலைவர்.

அந்த ஒரே கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைத்தான் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து பூட்டிக் கொடுத்திருந்தேன்.

"அனுபவத்துல சொல்றேன்."

ஒருவர் சிரித்தார். எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்தேன்.

பெஞ்சில் தமிழரசியும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா டிரைவர் யூனிபார்மிலேயே வந்திருந்தார். "எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா மேடம்?" என்று என்னைக் கேட்டார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. பஸ் ஏன் வரவில்லை என்று கேட்பவரின் குரல்.

தமிழரசி என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனாள். "மிஸ், சாரு கையில சீக்கு இருக்குதுல்ல?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். சுவர்ப் பலகையில காய் மாட்ட அவரு என்னையேதான் கூப்பிடுவாரு. அவரா சொல்லட்டும்னு கம்முனு இருந்துட்டேன்."

"உள்ள போனா அதைச் சொல்லிடு அரசி."

"எப்டி மிஸ்? எனக்கு நார்ம் வேணும்னு அவரு சீக்கை நான் போய்ச் சொல்றதா?"

தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படி ஆளுக்கொரு மூலையில் வாயை மூடிக்கொண்டு நின்றோம். அவளுடைய முறை வந்து பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு கதவை நோக்கித் திரும்பிய நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுமா அக்கா முதலில் இறங்கினார். பிறகு அவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அந்த ஃபைலோடு.

"நீ உக்காரும்மா," என்று தமிழரசியிடம் சொல்லிவிட்டு, "ஆர்பிட்டர், நீங்க கூட வாங்க," என்றார்.

உள்ளே போய் ஃபைலை மேஜையில் வைத்தார். அவர்கள் அதைத் திறக்கப்போனார்கள். "அதை அப்புறம் பாருங்க. ஒரு போர்டு வேணும்," என்றார். அலமாரியிலிருந்து எடுத்து வந்து காய்களை அடுக்கினேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"காலைல மாத்திரை போடல. இந்த ராஜாவை எடுத்து, அதே கட்டத்துல திரும்ப வைக்கறேன். பாருங்க."

கை பலகைக்கு மேலே போனதும் ஆடத் தொடங்கியது. ராஜாவைப் பிடித்துவிட்டார். தூக்கவும் தூக்கினார். இறக்கும்போது பிஷப் விழுந்தது, ராணி விழுந்தது, சிப்பாய்கள் இரண்டு மேஜையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தன. அவர் விடவில்லை. கட்டத்தைத் தேடி ராஜா அங்குமிங்கும் முட்டிக்கொண்டே இருந்தது. குழுவில் ஒருவர் இளம் வயதில் அவரோடு ஆடியவர். விழுந்த சிப்பாய்களை எடுக்கிறேன் என்று மேஜைக்கு அடியில் குனிந்தார். இரண்டு சிப்பாயை எடுக்கத் தேவைப்படுவதைவிட அதிக நேரம் அங்கேயே இருந்தார்.

"போதும் சார்," என்றார் தலைவர்.

"இருங்க. இன்னும் வைக்கல."

வைத்தார். அப்புறம்தான் கையை மடியில் எடுத்துக்கொண்டார். "இப்போ எழுதிக்கோங்க. அந்தப் பொண்ணு ஜெயிச்சது சரியான ஜெயம்."

அந்த வாரமே நார்ம் செல்லும் என்று கடிதம் வந்தது. வீடியோவை அனுப்பிய குழுக்கள் எதிலும் அந்தக் கடிதத்தை யாரும் அனுப்பவில்லை. செய்தி மட்டும் வேறு வழியில் பரவியது. இரண்டு மாதத்துக்குள் மாடி வகுப்பில் நாலு பேர்தான் மிஞ்சினார்கள். யாரும் சண்டை போடவில்லை, தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. "சாருக்கு ரெஸ்ட் வேணும் இல்லையா" என்று ஒரு அம்மா இனிப்புப் பெட்டியோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்பாகச் சொல்பவரிடம் எப்படிக் கோபப்படுவது? இனிப்பை வாங்கி வைத்துக்கொண்டார்.

கையால் ஆட முடியாதவர்களுக்கு உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ஆடுபவர் வாயால் சொல்ல வேண்டும். உதவியாளர் காயை நகர்த்தி, கடிகாரத்தை அமுக்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றி உதவியாளர் ஒரு வார்த்தையோ சைகையோ காட்டக் கூடாது. இதை நான் சொன்னபோது ஆறு மாதம் மறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தமிழரசிதான் அவரைக் கேட்காமலே ஒரு போட்டிக்கு அவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பேரு குடுத்துட்டேன் சார். திருப்பி வாங்க முடியாது."

சுமா அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் நான் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

முதல் மூன்று ஆட்டம் நன்றாகவே போயிற்று. ஒரு வெற்றி, இரண்டு டிரா. அவர் மெதுவாகச் சொல்வார். உதவியாளராகப் பக்கத்தில் உட்கார்ந்த தமிழரசி காயை எடுத்து வைத்துக் கடிகாரத்தை அமுக்குவாள். அவருடைய குரலும் நோயில் தேய்ந்து வெறும் மூச்சு மாதிரி ஆகியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் கேட்கவே கேட்காது. அவளுக்கு மட்டும்தான் தெளிவாகக் கேட்கும். அவர் முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பி வந்திருந்தது.

நாலாவது ஆட்டத்தில், சமநிலையில் இருந்த ஓர் இடத்தில், நான் அவர் நாற்காலிக்கு அருகில் நின்றபோது, அவர் சொன்னார்: "யானை, டி ஒண்ணு."

அவள் கை யானை வரைக்கும் போய் நின்றுவிட்டது.

யானையை டி ஒன்று என்ற அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனால் அவருடைய பின்வரிசை காவலில்லாமல் திறந்துவிடும், மூன்று நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். சுமாராக ஆடத் தெரிந்த எனக்கே அது தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வினாடி, அதற்கு மேல் இல்லை. அவள் எதையும் காட்டவில்லை. ஆனால் கை நின்றதே. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்த கணத்தில் அவருக்கும் தெரிந்துவிட்டது. காய் இன்னும் நகரவில்லை. வேறு ஒன்றைச் சொல்லலாம். எதிராளி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆர்பிட்டர்.

"சொல்லிட்டேன்மா. ஆடு," என்றார்.

அவள் யானையை எடுத்து டி ஒன்றில் வைத்தாள். கடிகாரத்தை அமுக்கினாள்.

ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். மீதிச் சுற்றுகளில் ஆடவில்லை, விலகிக்கொள்கிறேன் என்றார்.

"ஒரு ஆட்டம்தானே சார் போச்சு?"

"ஆட்டம் போனதுக்காக இல்ல. இனிமே நான் போர்டைப் பார்க்க மாட்டேன், ஆர்பிட்டர். அவ முகத்தைத்தான் பார்ப்பேன். பார்க்காம இருக்க எனக்கு முடியாது."

"வேற யாரையாவது உட்கார வைக்கறேன் சார். ஆட்டமே தெரியாத ஆளா."

"நான் சொல்றது வேற யாருக்குக் கேக்குது?"

அவர் சொன்னதையே இரண்டு தடவை கேட்டுத்தான் நான் புரிந்துகொண்டிருந்தேன்.

தமிழரசி தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். விலகல் படிவத்தில் மற்றதையெல்லாம் நானே நிரப்பினேன். பெயர், போட்டியாளர் எண், சுற்று. காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதச் சொன்னார். கையெழுத்து மட்டும் அவர்தான் போட வேண்டும். பேனாவைக் கொடுத்துத் தாளின் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் கட்டத்துக்குள்தான் தொடங்கினார். பேனா கோட்டைத் தாண்டி, பக்கத்தில் ஆர்பிட்டருக்கென்று விட்டிருந்த கட்டத்துக்குள் ஏறி, அதன் பாதி வரைக்கும் போய் நின்றது.

"அடிச்சிட்டு வேற தாள் எடுக்கலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார்," என்றேன். மிச்சமிருந்த இடத்தில் என் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டேன்.